இமயமலையின் வளைவைப் படித்த வாத்தியார்



இமயமலை எங்கே முடிகிறது? செந்தூலில் என்னிடம் டியூஷன் படிக்க வரும் ஆறாம் படிவ மாணவர்களிடம் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். உலகப் படத்தை விரித்ததும் பெரும்பாலோர் காஷ்மீரின் வடமேற்கு மூலையில், நங்க பர்வதம் என்ற சிகரம் இருக்கும் இடத்தில் விரலை வைப்பார்கள். கிழக்கே அஸ்ஸாம் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் ஓடிவரும் மலைத்தொடர் அங்கே வந்ததும் நின்றுவிடுவது போலத்தான் படத்தில் தெரிகிறது. அதற்கு மேற்கே இருக்கும் மலைகள் வேறு திசையில் ஓடுகின்றன. ஆகவே அவை வேறு மலைகள் என்று நினைப்பது இயல்பு.

நூறாண்டுகளுக்கு முன்பு உலகின் பெரிய நிலவியல் அறிஞர்கள் பலரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விரலை வைத்தார்கள். அங்கே இரண்டு வெவ்வேறு மலைத்தொடர்கள் வந்து சந்திக்கின்றன என்று அவர்கள் கருதினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு கல்லூரி வாத்தியார். அவர் பெற்ற பட்டங்கள் எல்லாம் இந்தியாவிலேயே பெற்றவை. அவர் வேலை பார்த்த ஊரில் நிலவியலுக்கென்று பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. அவர் நம்பியது தம் கால்களையும், கையிலிருந்த சுத்தியலையும், பாறைகள் மடிந்திருக்கும் விதத்தையும்தான்.

அவர் பெயர் தாராஷா நௌஷெர்வான் வாடியா. டி. என். வாடியா என்றால் நிலவியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த வாரம் அவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல எனக்குச் செந்தூல்காரன் என்ற முறையிலும் ஒரு காரணம் இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டரின் மகன்

வாடியா 1883ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் குஜராத்தின் சூரத் நகரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் நான்காமவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த மரபோடு தொடர்புடைய குடும்பம் அது. ஆனால் அவருடைய தந்தை கப்பல் கட்டவில்லை. கிராமப்புறத்து ரயில் நிலையம் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார்.

செந்தூலில் வளர்ந்த எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு நெருக்கம் தோன்றியது. நம் ஊரே ரயிலால் உருவான ஊர். மலாயா ரயில்வேயின் மத்தியப் பட்டறை இங்கேதான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டறையிலும் தண்டவாளத்திலும் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பலர் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தார்கள். என் தாத்தாவும் அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்தான். ரயில்வே குடும்பம் என்றால் என்ன என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். வேலை ஓரிடத்தில் இருக்கும். பிள்ளைகளின் படிப்பு வேறிடத்தில் இருக்கும்.

வாடியா வீட்டிலும் அதுதான் நடந்தது. தந்தை வேலை பார்த்த இடத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அதனால் பிள்ளைகளைச் சூரத்தில் தாய்வழிப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவைத்தார்கள். தாராஷா முதலில் குஜராத்தி வழிப் பள்ளியில் படித்தார். பிறகு ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். பதினொரு வயதில் பரோடாவுக்கு மாறினார். அங்கே கல்விப் பணியில் இருந்த மூத்த அண்ணன்தான் அவருக்கு வழிகாட்டி.

பரோடா கல்லூரியில் அவர் முதலில் எடுத்த பாடம் நிலவியல் அன்று. தாவரவியலும் விலங்கியலும் படித்து 1903இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதன் பிறகுதான் நிலவியல் பக்கம் திரும்பினார். தாவரவியலையும் நிலவியலையும் சேர்த்துப் படித்து 1905இல் இன்னொரு பட்டமும், அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். அந்தக் காலத்தில் இந்தியாவில் நிலவியலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த கல்லூரிகள் மிகச் சில. பரோடா மன்னர் சாயாஜிராவ் அமைத்த அருங்காட்சியகத்தில் இருந்த கற்களும் கனிமங்களும் தொல்லுயிர்ப் படிவங்களும் வாடியாவுக்குப் பாதிப் பாடநூலாக உதவின.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு எந்தப் பாடம் எடுப்பது என்று குழம்பி நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நான் விரிவாகச் சொல்வதுண்டு. உயிரியல் படித்த ஒருவர் நடுவழியில் கல்லைப் படிக்கத் திரும்பினார். முன்பு படித்தது வீணாகவில்லை. பாறைக்குள் இருக்கும் எலும்பையும் ஓட்டையும் அடையாளம் காண அந்தப் படிப்புதான் பிற்காலத்தில் கைகொடுத்தது.

ஜம்முவில் பதினான்கு ஆண்டுகள்

1907இல் ஜம்முவில் உள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் வாடியாவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. நிலவியலோடு ஆங்கிலமும் அவர் கற்பிக்க வேண்டியிருந்தது. கல்கத்தா, சென்னை போன்ற பெரிய நகரங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்த சிறிய கல்லூரி அது. வேறொருவராக இருந்தால் ஒதுக்கப்பட்ட இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று சோர்ந்திருக்கலாம்.

ஆனால் ஜம்முவின் வாசலில் சிவாலிக் குன்றுகள் தொடங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் பீர் பஞ்சால் மலைகள். அதற்கும் பின்னால் இமயத்தின் பனிமுடிகள். உலகின் மிகப் பெரிய நிலவியல் ஆய்வுக்கூடம் கல்லூரிக்கு வெளியே கூரையில்லாமல் திறந்து கிடந்தது. விடுமுறை விட்டால் வாடியா குன்றுகளுக்குக் கிளம்பிவிடுவார். நடந்து நடந்து கற்களைச் சேகரித்தார். வகுப்பில் அவற்றையே மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தினார்.

அப்படி அலைந்த நாள்களில் சிவாலிக் படிவுகளில் ஸ்டெகோடான் கணேசா என்ற, முற்றிலும் அழிந்துபோன யானையினத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதன் தந்தம் மட்டும் சுமார் 3 மீட்டர் நீளம்.

அவர் செய்த இன்னொரு பெரிய வேலை பாடநூல் எழுதியது. இந்தியப் பாறைகளைப் பற்றிய செய்திகள் அரசாங்க அறிக்கைகளில் சிதறிக் கிடந்தன. மாணவர்கள் கையில் எடுத்துப் படிக்க ஒரே நூலாக எதுவும் வசதியாக இல்லை. அவற்றையெல்லாம் திரட்டி இந்தியாவின் நிலவியல் என்ற நூலை 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல பதிப்புகள் கண்டு, அரை நூற்றாண்டுக் காலம் மாணவர்கள் படித்த நூல் அது. தம் மாணவர்களின் தேவைக்காக ஓர் ஆசிரியர் தொடங்கிய வேலை, ஒரு துறைக்கே அடிப்படை நூலானது.

1921இல், 38ஆம் வயதில், வாடியா இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1851இல் தொடங்கிய அந்தத் துறையின் உயர் பதவிகளில் அப்போது பெரும்பாலும் ஐரோப்பியர்களே இருந்தார்கள். புதிய வேலையில் சேர்வதற்கு 38 வயது அதிகம்தான். ஆனால் அவருடைய மிகச் சிறந்த ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவையே.

பாறை எப்படிக் கதை சொல்லும்?

அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள, பாறையைப் படிப்பது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. செந்தூல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யு தாண்டி அடுத்தது பத்துமலை. 272 படிகளுக்கு முன்னால் நின்று, முருகனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் பாறைச் சுவரையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

பத்துமலை சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலின் அடியில், கடலுயிரிகளின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து உருவானது. கடலடியில் படியும் சேறு கிடைமட்டமாகத்தான் படியும். ஒன்றன் மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த தாள்களைப் போல. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இது நிலவியலின் முதல் விதி.

ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் அடுக்குகள் கிடைமட்டமாக இல்லை. சாய்ந்தும் வளைந்தும் இருக்கின்றன. கல்லும் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லாக இல்லாமல் பளிங்காக மாறியிருக்கிறது. படிந்தபோது இல்லாத சாய்வு இப்போது இருக்கிறது என்றால், நடுவில் ஏதோ ஒரு விசை அதைத் தள்ளியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியிருக்கிறது என்றால், அது அழுத்தத்தையும் வெப்பத்தையும் அனுபவித்திருக்க வேண்டும். பாறை வாய் திறந்து பேசாது. ஆனால் தனக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தன் உருவத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

கல் எப்படி வளையும் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். மேற்பரப்பில் சுத்தியலால் அடித்தால் கல் உடையத்தான் செய்யும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருக்கும் பாரமும் வெப்பமும் சேரும்போது, அதே கல் மில்லியன் கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல மடிந்து கொடுக்கும். ஆழம் குறைந்த இடத்தில் மடியாமல் உடைந்து நகரும். அந்த உடைப்பைப் பிளவு என்கிறோம். சில பிளவுகளில் பழைய பாறை நகர்ந்து வந்து புதிய பாறையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். கீழே இருப்பது பழையது என்ற விதி அங்கே தலைகீழாகும். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தால், பெரும் நெருக்கடி ஒன்று நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நிலவியலாளர் என்ன செய்வார்? ஒவ்வோர் அடுக்கும் எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று திசைகாட்டியாலும் சாய்வுமானியாலும் அளந்து, படத்தில் குறித்துக்கொண்டே போவார். ஒரு குறியால் பயனில்லை. ஆயிரம் குறிகள் சேரும்போது, கண்ணால் ஒரே பார்வையில் பார்க்கவே முடியாத பெரிய மடிப்பு ஒன்று தாளில் உருவாகும். ஒரு பாயைத் தரையில் விரித்து, ஒரு பக்கத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். மடிப்புகள் தள்ளிய திசைக்குக் குறுக்காக எழும். ஆகவே மடிப்பின் திசையைப் பார்த்தால், தள்ளிய விசை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வாடியா இமயத்தில் செய்தது இந்த வேலையைத்தான். அவர் படித்த பாய், மலை அளவு பெரியது.

கொண்டை ஊசி

ஆய்வுத் துறையில் சேர்ந்த பிறகு பூஞ்ச், பீர் பஞ்சால், ஹசாரா ஆகிய பகுதிகளில் வாடியா ஆண்டுக்கணக்கில் நடந்தார். வாகனம் போகாத மலைப்பாதைகள் அவை. பனி உருகும் மாதங்களில் மட்டுமே உயரமான இடங்களில் வேலை செய்ய முடியும்.

காஷ்மீர்ப் பக்கத்தில் பாறை அடுக்குகள் வடமேற்கு நோக்கி ஓடின. இமயமலை ஓட வேண்டிய திசை அதுதான். ஜீலம் ஆற்றுக்கு மேற்கே, ஹசாராவில், அடுக்குகள் தென்மேற்கு நோக்கி ஓடின. இரண்டு திசைகள் என்றால் இரண்டு மலைகள் என்பது பழைய கணக்கு. வாடியா வேறு ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார். திசை மாறுகிறது சரி, பாறையும் மாறுகிறதா?

அதை அறிய அவர் ஒவ்வோர் அடுக்கையும் பிடித்துக்கொண்டு விடாமல் பின்தொடர்ந்தார். உட்பக்கத்தில் மர்ரீ என்று பெயர் பெற்ற செந்நிற மணற்கல். அதை அடுத்து பஞ்சால் எரிமலைப் பாறைகளும் அவற்றோடு சேர்ந்த கடல் படிவுகளும். அதற்கும் வெளியே மிகப் பழைய பலகைப் பாறைகள். கிழக்குப் பக்கத்தில் உள்ளிருந்து வெளியே எந்த வரிசை இருந்ததோ, அதே வரிசை மேற்குப் பக்கத்திலும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் வடமுனையில், காகான் பள்ளத்தாக்குப் பக்கத்தில், அடுக்குகள் அறுபடாமல் சுற்றித் திரும்பின. பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறிய பெரும் பிளவுகள் இரண்டும் அவற்றோடு சேர்ந்து அதே போல வளைந்து திரும்பின.

படம் தெளிவானது. அங்கே இரண்டு மலைகள் சந்திக்கவில்லை. ஒரே மலைதான் கொண்டை ஊசியைப் போல வளைந்து திரும்பியிருக்கிறது. இமயமலை அந்த இடத்தில் முடிந்துவிடவில்லை, முழங்காலை மடக்கித் திசை மாறியிருக்கிறது. கிழக்கிலிருந்து ஓடிவரும் ஜீலம் ஆறு முசாஃபராபாத் அருகே சட்டென்று தெற்கே திரும்புவதும் இந்த வளைவோடு பொருந்துகிறது.

ஏன் வளைந்தது? இங்கேதான் வாடியாவின் சிந்தனை பாறையைத் தாண்டிப் போகிறது. மீண்டும் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறை அதை ஒரு தூணை நோக்கித் தள்ளுங்கள். தூண் இருக்கும் இடத்தில் பாய் நகர முடியாது. தூணுக்கு இரு பக்கமும் மடிப்புகள் முன்னேறும். கடைசியில் மடிப்புகள் தூணைச் சுற்றி வளைந்து நிற்கும். இமயத்திலும் அப்படி ஒரு தூண் இருந்திருக்க வேண்டும் என்றார் வாடியா. இந்தியத் தீபகற்பத்தின் மிகப் பழைய, கெட்டியான பாறைத் தளத்திலிருந்து ஒரு நாக்கு வடமேற்கே நீண்டிருக்கிறது. பஞ்சாப் சமவெளியின் வண்டலுக்கு அடியில் அது மறைந்து கிடக்கிறது. மடிந்து எழுந்த மலை அந்த நாக்கில் மோதி, அதைச் சுற்றி வளைந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறை முனையை, அதைச் சுற்றியிருந்த மடிப்புகளின் வடிவத்திலிருந்தே அவர் கண்டார்.

இந்த ஆய்வு 1931இல் வெளிவந்தது. இத்தகைய வளைவுக்கு நிலவியலில் சின்டாக்சிஸ் என்று பெயர். வியன்னாவில் இருந்தபடி உலகத்தின் மலைகளையெல்லாம் ஒப்பிட்டுப் பேரறிஞர் என்று பெயர் பெற்ற எட்வர்ட் சூயஸ் இரண்டு தொடர்களின் சந்திப்பு என்று கருதிய இடத்தில், ஒரே தொடரின் வளைவை வாடியா காட்டினார். பெரியவர் சொன்னதை மறுக்க வேண்டும் என்பதற்காக அவர் மறுக்கவில்லை. அடுக்குகளைப் பின்தொடர்ந்து நடந்தபோது, பாறை வேறு பதில் சொன்னது. அதை அப்படியே எழுதினார்.

தொடர்ந்து நங்க பர்வதத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்தார். 8,126 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கும், அதன் அடியில் ஓடும் சிந்து நதிக்கும் இடையே ஏறத்தாழ 7,000 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. பூமியின் ஆழத்தில் கிடந்த பாறைகள் அங்கே வெளியே வந்து நிற்கின்றன.

1935இல் வேறு இருவரோடு சேர்ந்து, இந்திய மண்வகைகளை அவற்றின் நிலவியல் அடிப்படையோடு விளக்கினார். அந்த இருவரில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழரான எம். எஸ். கிருஷ்ணன். அவரும் இந்திய நிலவியல் பற்றிப் பெயர்பெற்ற பாடநூல் எழுதியவர். 1951இல் நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

இலங்கையில் ஆறு ஆண்டுகள்

1938இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது வாடியாவுக்கு 55 வயது. வீட்டில் உட்காரவில்லை. இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பொறுப்பேற்று 1944 வரை அங்கே பணியாற்றினார்.

இமயத்தின் பாறைகள் இளமையானவை, இன்னும் அசைபவை. இலங்கைப் பாறைகளோ மிக மிகப் பழையவை. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்வதை அவர் கவனித்தார். கடலோரச் சமவெளி முதல் படி. அதற்கு மேலே நடுமேட்டு நிலம். உச்சியில் நுவரெலியாவைச் சுற்றியுள்ள உயர்நிலம். தேய்ந்து சமமான நிலம் விட்டுவிட்டு உயர்த்தப்பட்டதால் இந்தப் படிகள் உண்டாயின என்று விளக்கம் கொடுத்தார். பிற்காலத்து ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அறிவியலில் அது இயல்பு.

ஒன்று மட்டும் நம் மனத்தில் நிற்க வேண்டும். இலங்கைப் பாறைகளும் தமிழ்நாட்டுப் பாறைகளும் ஒரே குடும்பம். அவற்றின் உறவினர்கள் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்ட்டிகாவிலும் இருக்கிறார்கள். இன்று கடல்கள் பிரித்து வைத்திருக்கும் இந்த நிலங்கள் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்தன. அந்தப் பெயரே மத்திய இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

கண்டங்கள் நகர்ந்தபோது

1944இல் வாடியா இந்தியாவுக்குத் திரும்பி அரசின் நிலவியல் ஆலோசகரானார். விடுதலைக்குப் பிறகு, அணுசக்திக்குத் தேவையான கனிமங்களைத் தேடும் பிரிவு 1949இல் தொடங்கியபோது அதன் தலைவரானார். 1957இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய நிலவியலாளர் ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டு பத்மபூஷண் விருது. 1963இல் தேசியப் பேராசிரியர். 1964இல் உலக நிலவியல் மாநாடு முதன்முறையாக ஆசியாவில், புதுடில்லியில் கூடியபோது தலைமை ஏற்றவர் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மகன்தான்.

அவருடைய கடைசி ஆண்டுகளில் நிலவியலே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1960களில் கடலடி ஆய்வுகள் அதற்கு அசைக்க முடியாத சான்றுகளைத் தந்தன. கண்டத்தட்டுக் கோட்பாடு பிறந்தது. இந்தியா வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. நடுவிலிருந்த டெதிஸ் கடலின் படிவுகள் மடிந்து இமயமலையாக எழுந்தன என்பது இன்றைய விளக்கம்.

1931இல் வாடியா இதை இப்படிச் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்த தள்ளல் அசையாத இந்தியத் தளத்தில் மோதியதாகவே அவர் விளக்கினார். யார் நகர்ந்தது என்ற பார்வை மாறிவிட்டது. ஆனால் அவர் வரைந்த வளைவு மாறவில்லை. கோட்பாடு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து குறித்த அந்தப் படம், புதிய கோட்பாட்டுக்குள்ளும் இடம் பிடித்தது. விளக்கம் காலத்துக்குக் காலம் மாறலாம். நேர்மையாக அளந்த அளவு பிறகு வருபவர்களுக்கும் பயன்படும்.

வாடியா 1969ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் காலமானார். இமய நிலவியலுக்காக 1968இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம் இன்று டேராடூனில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் காலடியில் இருக்கும் தழும்பு

இதெல்லாம் காஷ்மீர்க் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் வரை போயிருப்பீர்கள். முதலில் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லைக் கடப்பீர்கள். பெந்தோங்கை நெருங்கும்போது பாறை மாறும். நொறுங்கி மடிந்த பலகைப் பாறைகளும், கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடல் உயிரிகளின் கூடுகளால் ஆன செர்ட் என்ற கெட்டியான பாறையும் அங்கே இருக்கின்றன. மலைக்கு நடுவே ஆழ்கடல் பாறை எப்படி வந்தது?

அங்கே ஒரு பெருங்கடல் இருந்தது. பழைய டெதிஸ் என்று அதற்குப் பெயர். அதன் மேற்குப் பக்கத்து நிலத்தை சிபுமாசு என்று அழைக்கிறார்கள். சயாம், பர்மா, மலேசியா, சுமத்ரா என்ற பெயர்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. நாம் நிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதுவும் கோண்டுவானாவிலிருந்து பிரிந்து வந்த நிலம். லங்காவியின் சேற்றுப் பாறைகளில் சிக்கியிருக்கும் கூழாங்கற்கள், மிதந்து வந்த பனிக்கட்டியிலிருந்து கடலில் விழுந்தவை என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வெயில் கொளுத்தும் லங்காவி ஒரு காலத்தில் குளிர்ந்த தெற்குக் கடலின் ஓரத்தில் இருந்தது.

200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு அந்தக் கடல் மூடிக்கொண்டது. இரண்டு நிலங்களும் மோதின. அந்த மோதலின் தழும்புதான் பெந்தோங், ரவூப் வழியாகத் தீபகற்பத்தின் நீளத்துக்கும் ஓடும் பாறைப் பட்டை. இந்தியா ஆசியாவோடு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே, அதே கோண்டுவானா வீட்டிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டது நம் நிலம். வாடியா படித்த கதையின் மூத்த அத்தியாயம் நம் காலடியில் இருக்கிறது. கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டின் பக்கத்தில் புக்கிட் தாபூரின் வெண்மையான படிகக்கல் முதுகைப் பார்த்திருப்பீர்கள். பழைய பிளவு ஒன்றை ஒட்டிப் படிகக்கல் நிரம்பி, சுற்றியிருந்த பாறை தேய்ந்துபோன பிறகு தனித்து நிற்கும் மதில் அது.

இந்தப் படிப்பு எதற்கு?

2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலையில் முசாஃபராபாத், பாலாகோட் பகுதியில் 7.6 அளவில் நிலம் நடுங்கியது. 70,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்ததில் ஏராளமான பிள்ளைகள் இறந்தார்கள். நிலநடுக்கம் வந்த இடம், 1931இல் வாடியா படம் வரைந்த அதே கொண்டை ஊசி வளைவு. இந்தப் பாறை நெருக்கப்பட்ட பாறை, இங்கே பெரும் பிளவுகள் ஓடுகின்றன என்ற செய்தி 74 ஆண்டுகளாக நூலில் இருந்தது. நூலில் இருப்பது வீடு கட்டுபவரின் கைக்கும் பள்ளி கட்டுபவரின் கைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஆள்கள் வேண்டும்.

நம் நாடும் முழுக்கப் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. 2007ஆம் ஆண்டு இறுதியிலிருந்து புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் தொடர்ந்து பதிவாயின. 2004 சுமத்ரா பெருநடுக்கத்துக்குப் பிறகு பழைய பிளவுகள் அசைந்ததோடு அவற்றை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவில் ஏற்பட்ட நடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். கோலாலம்பூரில் சுரங்க ரயில் பாதை தோண்டினாலும், அடுக்குமாடி எழுப்பினாலும், கீழே இருப்பது குகைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லா, கருங்கல்லா, பழைய பிளவா என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இடைநிலைப் பள்ளியில் நிலவியல் தனிப்பாடமாக இல்லை. அதனால் நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும், சபா பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம். அறிவியல் பாடங்களோடு வருபவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிலவியலாளர்கள் பதிவு செய்துகொண்டு தொழில் செய்யும் முறையும் நம் நாட்டில் உண்டு. மருத்துவம், சட்டம் என்று மட்டுமே யோசிக்கும் பெற்றோரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

படிப்பைத் தொடங்க விண்ணப்ப பாரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் திசைகாட்டி போதும். ஒரு பாறை முகத்தைத் தேர்ந்தெடுத்து, அடுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று நோட்டில் வரையுங்கள். பிறகு அதற்கு எதிர்ப்பக்கம் போய், அங்கேயும் அதே பாறைதானா என்று பாருங்கள். வாடியா ஜம்முவில் தொடங்கியதும் அப்படித்தான்.